ஆய்வேட்டுக்கு வேர்டா, லேடெக்கா? தமிழில் பக்கம் கோப்பது பற்றிய இழை

3 ஜூன் 2025 – வாசகர் கேள்வி

"தொண்டிப் பக்கம் கடலியல் ஆய்வு செய்கிறேன். பாக் நீரிணைக் கரையோரக் கடற்பாசிகள் பற்றிய ஆய்வேடு. தமிழில் எழுத இசைவு கிடைத்திருக்கிறது. ஆனாலும் அறிவியல் பெயர்களும் அட்டவணைகளும் சூத்திரங்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும். உடன் படிப்பவர்கள் லேடெக்தான் ஒழுங்கு என்கிறார்கள். என் நெறியாளர் வேர்டைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. எதில் தொடங்குவது?"

3 ஜூன் 2025, இரவு

மண்டபம் ஊரில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பைண்டிங்கும் செய்துவருகிறேன். ஆய்வேடுகள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், திருவிழா மலர்கள், கல்யாண அழைப்பிதழ்கள் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் அச்சுக்குப் போகின்றன. திரையில் பார்த்தபடியே பக்கம் அமைக்கும் வேர்டு, கட்டளைகளாக எழுதிப் பக்கங்களாக மாற்றும் லேடெக் இரண்டும் எனக்கு அன்றாடக் கருவிகள். ஆகவே ஒன்றைத் தூக்கிப் பிடித்து மற்றதைத் தாழ்த்தும் எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. உங்களுக்கு அடுத்தபடியாக அந்தக் கோப்பைத் திறந்து திருத்தப்போகிறவர் யார், முடிவதற்குள் அது எத்தனை முறை உருமாறும் என்ற இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெறியாளர் தம் கையாலேயே கோப்பில் வரிகளை மாற்றுகிறவர் என்றால் வேர்டில் எழுதுங்கள். அதற்கு மேல் வாதிட ஒன்றுமில்லை. அவர் கருத்து மட்டும் சொல்பவர், எழுதுவதும் திருத்துவதும் நீங்கள் ஒருவரே என்றால், படங்களும் அட்டவணைகளும் நூற்றுக்கணக்கில் எண் மாறிக்கொண்டே இருக்கும் ஆய்வேட்டுக்கு லேடெக் பெரிய துணை. அவர் எப்படித் திருத்துவார் என்பதைக் கேட்டு எழுதுங்கள்.

4 ஜூன் 2025

இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் எதற்கு எது பொருந்தும் என்பதும் விளங்கும்.

திரையில் காண்பதே தாளிலும் விழ வேண்டும் என்ற எண்ணத்தில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் 1974ஆம் ஆண்டு பிராவோ என்ற எழுதுகருவி உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 1983ஆம் ஆண்டு வேர்டு வெளிவந்தது. அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவருக்காகப் பிறந்த வழி அது. மற்ற வழி நூலாசிரியர் ஒருவரின் மனக்குறையிலிருந்து பிறந்தது. தம் நூலின் மறுபதிப்புக்காக வந்த ஒளியச்சுப் படிகள் மனத்துக்கு ஒவ்வாமற்போனதால், டொனால்டு கனூத் 1977ஆம் ஆண்டு டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை வடிவமைக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பியதுதான் லேடெக்.

முதல் வழியில் ஒரு வரியைத் தேர்ந்து, பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைக்கிறோம். இரண்டாவதில் "இது இயல் தலைப்பு" என்று எழுதிவிட்டு நகர்கிறோம். தலைப்பு எந்த அளவில், எங்கே, எந்த எண்ணோடு நிற்க வேண்டும் என்பது கோப்பின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் சொல்லப்பட்டிருக்கும். பத்துப் பக்கத்துக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. மூன்றாம் இயலின் நடுவில் புதிய படம் ஒன்றைச் செருகிய மறுகணம், அதற்குப் பின்வரும் அத்தனை படங்களின் எண்ணும், அவற்றைச் சுட்டும் வாக்கியங்களில் உள்ள எண்ணும் மாற வேண்டும் என்ற நிலையில்தான் அதன் அருமை தெரியும். வேர்டிலும் இதைச் செய்ய வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் எண்ணைக் கையால் தட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று பத்தி அமைப்பு. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கிய முறைப்படி, டெக் ஒரு வரியை மட்டும் பார்த்து முறிப்பதில்லை. பத்தி முழுவதையும் எடை போட்டு, எல்லா வரிகளிலும் இடைவெளி கூடிய மட்டும் சீராக விழும்படி முறிக்கிறது. வேர்டு வரிக்கு வரி முடிவெடுக்கிறது. தமிழில் இது கண்ணுக்கு உடனே தெரியும். "பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது போன்ற ஒரு சொல் வரியின் கடைசியில் இடம் போதாமல் கீழே இறங்கினால், மேல்வரியில் மிஞ்சும் நான்கைந்து சொற்களுக்கிடையே வெள்ளை இடம் திட்டுத்திட்டாக நிற்கும். இருபுறமும் சமன்செய்த பத்தியில் பார்க்கவே உறுத்தும்.

4 ஜூன் 2025, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: பத்தி முழுவதையும் எடைபோட்டாலும், சொல்லை முறிக்க விடாவிட்டால் தமிழில் டெக்காலும் அதிகம் செய்ய இயலாது. தமிழுக்கான சொற்பிரிப்பு விதிகள் இப்போது டெக்கோடு சேர்ந்தே வருகின்றன. மொழியைத் தமிழ் என்று அறிவித்தால் அவை இயங்கும். நம் அச்சு மரபில் வரி முறியும் இடத்தில் சிறுகோடு போடுவதில்லை. அது தெரியாமலிருக்க, கோட்டுக்குப் பதிலாக அகலமற்ற எழுத்து ஒன்றை எழுத்துரு அமைப்பில் கொடுத்துவிடலாம்; எழுத்துருவில் அந்தக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6 ஜூன் 2025

லேடெக் கற்பது கடினமா என்று இரண்டு பேர் தனியே கேட்டிருக்கிறார்கள். கட்டளைகள் கடினமில்லை, ஆய்வேட்டுக்கு வேண்டியவை ஒரு தாளில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவற்றில்தான் விழிப்பு வேண்டும். ஒன்றை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன்.

"கரையோரப் பாறைகளில் 40% பரப்பு மரிக்கொழுந்து பாசியால் மூடப்பட்டிருந்தது" என்று எழுதுகிறீர்கள். லேடெக்குக்கு விழுக்காட்டுக் குறி என்பது "இதற்குப் பின் இந்த வரியில் உள்ளது எனக்கு மட்டுமான குறிப்பு, அச்சில் வேண்டாம்" என்ற அடையாளம். ஆகவே 40 என்ற எண்ணோடு அந்த வரி நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டும் பழக்கம் உள்ளவருக்குப் பத்தியின் மிச்சம் அனைத்தும் போய்விடும். மொழிநடை சில வேளை தற்செயலாகப் பொருந்திவிடுவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு (\) போட்டால் போதும், குறி குறியாகவே அச்சாகும். களத் தரவு நிறைந்த ஆய்வேட்டில் விழுக்காடு வராத பக்கம் இருக்காது என்பதால், அச்சுக்கு முன் அந்தக் குறியை மட்டும் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் அது வேறு விதம். அப்போது கூச்சல் போடும். ஆனால் பிழை இருக்கும் வரியை விட்டுப் பல பத்திகள் தள்ளி வேறோர் இடத்தைக் காட்டும். இயல்தோறும் தனிக் கோப்பு வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பத்திகளுக்கு ஒருமுறை தொகுத்து, அதாவது கட்டளைக் கோப்பைப் பக்கங்களாக மாற்றிப் பார்க்கிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை.

6 ஜூன் 2025, இரவு

தமிழுக்கென்றே உள்ள தடைகளைத் தனியே சொல்ல வேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருப்பதில்லை.

பழைய பாடங்களில் சொல்லும் பிடிஎஃப்லேடெக் என்ற தொகுப்பு நிரலைத் தொடவே வேண்டாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறையாகிய யூனிகோடில் தட்டிய தமிழை அது ஏற்காது. ஜோனதன் கியூ 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஸீடெக்கின் மேல் இயங்கும் ஸீலேடெக்கையோ, லுவாலேடெக்கையோ எடுங்கள். லுவாலேடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் "கெ" என்று வர வேண்டிய இடத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுவதால், கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைப்பது காட்டும் நிரலின் பொறுப்பு. தமிழ் எழுத்துரு எதையும் அறிவிக்காமலே தொகுத்தால் தமிழ் வரிகள் வெற்றிடமாக வரும். தொகுப்புப் பதிவேட்டில் எழுத்து இல்லை என்று சொல்லியிருக்கும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வேர்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறை வகையில் சேர்த்து, அதற்கு எழுத்துருவையும் அளவையும் தனியே வைத்துக்கொள்கிறது. எழுத்துருப் பெட்டியில் அந்தப் பகுதியை நிரப்பாமல் மேலே உள்ளதை மட்டும் மாற்றினால் ஆங்கிலம் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டணமில்லா எழுதுகருவியிலும் இதே பிரிவு உண்டு. மொழி அமைப்பில் அதை இயக்கிவிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பிரிவினால் ஒரு நன்மையும் உண்டு. 12 புள்ளி ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் 12 புள்ளித் தமிழ் பெரும்பாலான எழுத்துருக்களில் பருத்துத் தெரியும். தமிழை மட்டும் 10.5 அல்லது 11க்கு இறக்கிக்கொள்ளலாம். லேடெக்கில் எழுத்துருவுக்கு ஒரு விகிதம் கொடுத்தால் அதுவே நடக்கும்.

8 ஜூன் 2025

மேலே பேசிய எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கரையின் மீனவர் சங்கம் ஒன்று 1990களின் பிற்பகுதியில் ஒரு மலர் வெளியிட்டிருந்தது. அதில் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த பெரியவர்கள் பலர் சொல்லச் சொல்ல எழுதிய நினைவுரைகள் இருந்தன. சொன்னவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. அதை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்று குறுந்தகடோடு வந்தார்கள். தகடு பழுதின்றித் திறந்தது, கோப்பும் திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் வரிவரியாக நின்றன. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துக்கொண்டதால், அதே எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். மலரை வடிவமைத்த இடம் மூடப்பட்டுவிட்டது. எழுத்துரு யாரிடமும் இல்லை.

ஒத்த எழுத்துரு ஒன்றின் குறியீட்டு அட்டவணையை அடிப்படையாக வைத்து மாற்றி எடுத்தேன். கொம்பும் இரட்டைக் கொம்பும் அதில் மெய்க்கு முன்னால் தட்டப்பட்டிருந்தன. அவற்றைப் பின்னால் நகர்த்த வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே உருவம் என்பதால், "கௌரவம்" முழுவதும் கொம்பு, ககரம், ளகரம் என்று வந்து "கெளரவம்" ஆகிவிட்டது. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு அநேகமாகத் தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பெயர்களில் வந்த "ஸ்ரீ"யும் இப்படியே. யூனிகோடில் அதை ஸகரத்தோடும் எழுதலாம், ஶகரத்தோடும் எழுதலாம், உருவம் ஒன்று, சேமிப்பு இரண்டு. அச்சிட்ட மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுத்தான் அந்த நினைவுரைகளை மீட்க முடிந்தது. அச்சுப் படி ஒன்றும் மிஞ்சாமல் போயிருந்தால் அந்தப் பெரியவர்கள் சொன்னது அத்தோடு போயிருக்கும்.

ஆகவே என் கருத்து இது. எந்தக் கருவியில் கோத்தாலும், உரை யூனிகோடில், முறையான எழுத்து வரிசையில், எந்த நிரலிலும் திறக்கக்கூடிய தனிக் கோப்பாக உங்கள் கையில் இருக்க வேண்டும். லேடெக்கின்மேல் எனக்குள்ள பற்றுக்கு முதற்காரணம் அதன் அழகு அன்று. அதன் மூலக்கோப்பு வெறும் உரை. லேடெக்கே மறைந்தாலும் அதை நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

8 ஜூன் 2025, இரவு

மேற்குறிப்பை வைத்து வேர்டு போன்ற வரைகலைக் கருவிகள் எல்லாமே உரையைச் சிறைப்படுத்தும் என்று ஒரு நண்பர் முடிவு கட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிக்கல் அந்தக் காலத்து எழுத்துருக் குறியீட்டில் இருந்தது. வேர்டின் இன்றைய டாக்ஸ் (.docx) கோப்பு 2008ஆம் ஆண்டு முதல் ஐஎஸ்ஓ தரம்; லிப்ரே ஆபீஸின் வடிவம் அதற்கு முன்பே 2006ஆம் ஆண்டு தரமாகிவிட்டது. இரண்டும் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரையைச் சுருக்கி வைத்த பொட்டலங்கள்தான். யூனிகோடில் தட்டியிருந்தால் உரையை எப்போதும் வெளியே எடுத்துவிடலாம். பழைய எழுத்துருவில் இன்னமும் தட்டிக்கொண்டிருக்கிறவர் லேடெக்குக்கு மாறினாலும் நிலை மாறாது.

12 ஜூன் 2025

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர் கேட்டிருப்பது இந்த இழைக்கு மிகவும் பொருத்தமானது. அவர் வீட்டில் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்ப் பனுவல், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ் நூல், இருக்கிறது. வலப்பக்கம் அரபு எழுத்தில் மூலமும், இடப்பக்கம் அதே வரிகள் தமிழ் எழுத்திலும் எதிரெதிராக வர வேண்டும் என்கிறார்.

கீழக்கரை அரபுத்தமிழ் எழுத்தின் தலையாய ஊர்களில் ஒன்று. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என அறியப்படும் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) இங்கே வாழ்ந்தவர். அந்த நூல்கள் பல கல்லச்சில் வந்தவை. எழுத்தர் எழுதியது அப்படியே அச்சானதால் தமிழொலிகளுக்கென்று சேர்த்த புள்ளிகளுக்கு அன்று ஈயவார்ப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இன்று எழுத்துரு வேண்டும். அந்தக் கூடுதல் எழுத்துகள் எல்லா அரபு எழுத்துருக்களிலும் இல்லை. ஆகவே, காக்கா, கருவியைத் தேர்வதற்கு முன் உங்கள் பனுவலில் வரும் எழுத்துகள் அனைத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, எந்த எழுத்துருவில் ஒன்றும் விடுபடாமல் தெரிகிறது என்று பாருங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கருவி. வேர்டில் அரபியை எழுதுமொழிகளில் சேர்த்த பின்புதான் வலமிருந்து இடம் செல்லும் பத்திக்கான பொத்தான் தோன்றும்; சிறு நூலுக்கு அது போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் வரிக்கு வரி நேராக நிற்க வேண்டும், ஓரத்தில் குறிப்பும் வேண்டும் என்றால் பக்கத்தைக் கண்ணால் பார்த்து அமைக்கும் கருவியே உங்களுக்கு ஏற்றது. ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு, 2024 ஜனவரியில் வந்தது, கட்டணம் இல்லை, தமிழையும் அரபியையும் சரியாகக் கோக்கிறது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு நிரல் வைத்திருக்கிற நண்பர் உதவினால், பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையை (வேர்ல்டு-ரெடி கம்போசர்) தேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தமிழின் கொம்புகள் இடம் மாறி நிற்கும். லேடெக்கிலும் இது இயலும், அதற்கான தொகுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு நூலுக்காக, இருதிசை எழுத்தையும் இணைப்பக்கங்களையும் சேர்த்துக் கற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடைப்புக்குறிகளையும் பக்க எண்களையும் மட்டும் கடைசியில் ஒருமுறை கண்ணால் பாருங்கள். இருதிசை உரையில் முதலில் புரள்பவை அவைதான்.

15 ஜூன் 2025

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிட்டதால் மனு, விண்ணப்பம், சங்கச் சுற்றறிக்கை என்று வேலை குவிந்திருக்கிறது. "இவற்றையும் லேடெக்கில்தான் செய்கிறீர்களா" என்ற கேள்விக்கு: இல்லை. ஒரு பக்க மனுவுக்கு வேர்டு. அழைப்பிதழுக்கும் பதாகைக்கும் கோரல்டிரா. ஆண்டுதோறும் ஒரே அமைப்பில் வெளிவரும் சங்க ஆண்டறிக்கைக்கு மட்டும் லேடெக். சென்ற ஆண்டுக் கோப்பில் எண்களை மாற்றினால் அட்டவணையும் பொருளடக்கமும் தாமாக அமைந்துவிடுகின்றன.

19 ஜூன் 2025

தொண்டியிலிருந்து பதில் வந்துவிட்டது. நெறியாளர் வேர்டுக் கோப்பைத் திறப்பதே அச்செடுப்பதற்காகத்தானாம். தாளில் சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தருவது அவர் வழக்கமாம். அப்படியென்றால் அவருக்குப் பிடிஎஃப் கொடுத்தாலும் தாள் கொடுத்தாலும் ஒன்றே. நீங்கள் தயங்காமல் லேடெக்கில் தொடங்கலாம். இரட்டை இடைவெளியும் அகன்ற ஓரமும் விட்டு அச்செடுத்துக் கொடுங்கள், தங்கச்சி. சிவப்பு மைக்கு இடம் வேண்டும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டிய ஒன்று: அறிவியல் பெயர்களுக்கு நீங்களே ஒரு கட்டளை வரையறுத்துக்கொள்ளுங்கள். சாய்வெழுத்துக் கட்டளையை நேரடியாகப் போடாதீர்கள். கஞ்சிப் பாசியை எடுத்துக்கொள்வோம். பலரும் அதைக் கிராசிலேரியா எடுலிஸ் என்று எழுதுகிறார்கள்; ஹைட்ரோபன்ஷியா என்ற பேரினத்துக்கு மாற்றி எழுதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு நெறியாளரோ தேர்வாளரோ மற்றதைக் கேட்டால், முழுப்பெயர் வந்த இடங்களையும் முதலெழுத்தாகச் சுருக்கிய இடங்களையும் தனித்தனியே தேடி மாற்ற வேண்டிவரும். கஞ்சிப் பாசிக்கென ஒரு கட்டளை இருந்தால் வரையறையில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். முதல் முறை முழுப்பெயரும் அடுத்தடுத்த முறை சுருக்கமும் தாமாகவே வரும்படியும் அதே கட்டளையில் எழுதிவிடலாம். மரிக்கொழுந்து பாசியாகிய ஜெலிடியெல்லா அசெரோசாவுக்கும் கட்டக்கோரையாகிய சர்காசத்துக்கும் அவ்வாறே.

லத்தீன் எழுத்தில் வரும் பெயரைச் சாய்வாக இடுங்கள். தமிழ்ப் பெயரைச் சாய்க்க வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் அரிது. வேர்டு நேரெழுத்தைச் செயற்கையாகச் சரித்துக் காட்டும், சுழிகள் சிதைந்து தெரியும். லேடெக் சாய்வு வடிவம் இல்லை என்று எச்சரித்துவிட்டு நேராகவே அச்சிடும். எனக்கு இரண்டாவதே ஏற்புடையது.

20 ஜூன் 2025

நெறியாளர் கோப்பிலேயே திருத்துகிறவர் என்ற நிலையில் உள்ள வேறு மாணவர்களுக்கு.

3ஆம் தேதி வேர்டு என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். நடுவழி ஒன்றும் உண்டு. மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதி, ஜான் மெக்ஃபார்லேனின் பேன்டாக் நிரலால் வேர்டுக் கோப்பாகவும் லேடெக் வழிப் பிடிஎஃபாகவும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கலாம். வேர்டு வடிவத்துக்கு ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்துவிட்டால் தலைப்பும் எழுத்துருவும் அதன்படி அமையும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நெறியாளர் திருத்திய வேர்டுக் கோப்பு ஒன்று, உங்கள் மூலம் ஒன்று என்று இரண்டு உரைகள் பிறந்து, இரண்டும் வளர்ந்துவிடும். அவருடைய திருத்தங்களை வந்த அன்றே மூலத்தில் ஏற்றிவிட்டு வேர்டுக் கோப்பை மூடிவிடும் கட்டுப்பாடு உள்ளவருக்கு மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

லிக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மத்தியாஸ் எட்ரிச் 1995ஆம் ஆண்டு தொடங்கியது; திரையில் வேர்டு போலத் தோன்றும், உள்ளே லேடெக் இயங்கும். சூத்திரம் எழுத மிகவும் வசதி. ஆனால் பிழை வந்தால் அது லேடெக்கின் மொழியில்தான் வரும். அந்த மொழி தெரியாதவர் அங்கே நின்றுவிடுவார். இணையத்திலேயே லேடெக் எழுதித் தொகுக்கும் ஓவர்லீஃபைப் பொறுத்தவரை, நிறுவும் வேலை இல்லை, தொகுப்பியை ஸீலேடெக் என மாற்றிக்கொண்டால் தமிழ் வரும். இலவசக் கணக்கில் தொகுக்கும் நேரத்துக்கு வரம்பு இருப்பதால் படங்கள் நிறைந்த ஆய்வேடு ஒரு கட்டத்தில் முட்டிக்கொள்ளும். காற்றும் மழையும் வந்து இணைப்பு அறுந்துபோகும் நாள்களும் நம் பக்கத்தில் குறைவில்லை. கடைசி மாதங்களில் உங்கள் கணினியிலேயே தொகுக்கும் ஏற்பாடு இருக்கட்டும்.

2 ஜூலை 2025

வேர்டிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு: தலைப்புகளை ஹெடிங் பாணியால் மட்டும் அமையுங்கள். பட விளக்கத்தைக் கேப்ஷன் வழியாகவே செருகுங்கள். "படம் 7 பார்க்க" என்று தட்டாமல் குறுக்குச் சுட்டாக இடுங்கள். அச்சுக்கு முன் கன்ட்ரோல்-ஏ, எஃப்-9. அப்போதுதான் எண்கள் புதுப்பிக்கப்படும். அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டுமே அனுப்புங்கள்; வேர்டுக் கோப்பை அனுப்பி, அங்கே உங்கள் எழுத்துரு இல்லாமல் வேறொன்று ஏறி, பக்கங்கள் நகர்ந்து, பொருளடக்கத்தில் உள்ள எண்கள் ஒன்றும் பொருந்தாமல் பைண்டிங்கோடு வந்த ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன். மாணவர் கண் கலங்கி நின்றார்.

13 ஜூலை 2025

தொண்டி ஆய்வேட்டின் முதல் இரண்டு இயல்கள் தொகுத்து வந்துவிட்டன. பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. பாசிப் பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் சொல்லடைவு வேண்டும் என்கிறார். இது லேடெக்கின் வழக்கமான வழி தமிழில் தவறும் இடம், கவனமாகப் படியுங்கள்.

அடைவை வரிசைப்படுத்தும் மேக்இன்டெக்ஸ் நிரல் எழுத்துகளைக் கணினிக் குறியெண் வரிசையிலேயே அடுக்குகிறது. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே "மன்னார் வளைகுடா" முன்னாலும் "மரிக்கொழுந்து பாசி" பின்னாலும் வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி. மரிக்கொழுந்து முதலில் வர வேண்டும். புள்ளியும் அப்படியே: அகராதி மரபில் "அக்கா" முன், "அகம்" பின், குறியெண் வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் தலைகீழாகிவிடும். மேக்இன்டெக்ஸுக்குப் பதிலாக அப்மென்டெக்ஸ் நிரலை எடுத்து, மொழியைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். மொழிவாரி அகரவரிசை விதிகளைக் கொண்டு அது அடுக்கும்.

அடுக்கிய பின் மகர வரிசையையும் பகர வரிசையையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். மண்டபம், மரைக்காயர்பட்டினம், மன்னார், பாம்பன், பெரியபட்டினம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் கடைசியில் தனியே நிற்கும். அவற்றை அப்படியே விடுவதா, சகரத்தோடு சேர்ப்பதா என்று உங்கள் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ப்பதானால் அடைவுக் கட்டளையில் வரிசைக்கான வடிவம் ஒன்றும் அச்சுக்கான வடிவம் ஒன்றும் தனித்தனியே கொடுக்க வேண்டும். அதற்கான மாதிரி வரியைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.